கதவு திறந்த பிறகுதான் டிக்கெட் போகிறது

ஒரு வீடியோ கேம் விழாவுக்கான டிக்கெட் விற்பனை காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். பசிபிக் நேரம், அதாவது அமெரிக்காவின் மேற்குக் கரை நேரம். எங்களுக்கு அது படுக்கப் போகிற நேரம். அதனால் பகல் முழுக்க நிம்மதியாகவே இருந்தேன். வேலையை முடித்து, சாப்பிட்டு, லேப்டாப்பை சார்ஜில் போட்டுவிட்டு, பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். பக்கம் திறந்தது. மூன்று நாள் பேட்ஜ், அதாவது விழாவின் நுழைவு அட்டை, விற்றுத் தீர்ந்தது. சனிக்கிழமை விற்றுத் தீர்ந்தது. விற்பனையே இன்னும் தொடங்கவில்லை, எப்படித் தீரும்? போன வருடத்துப் பக்கமாக இருக்கும் என்று இரண்டு முறை மூடித் திறந்தேன். அதற்குள் வெள்ளிக்கிழமையும் போய்விட்டது.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், நவம்பரின் முதல் ஞாயிறு திரும்ப இழுத்துக்கொள்வார்கள். 2007-லிருந்து இதுதான் அங்கே நடைமுறை. எங்கள் விற்பனை அந்த மார்ச் ஞாயிறு முடிந்த வாரத்தில். நானோ பிப்ரவரியில் கணக்குப் போட்டுக் காலண்டரில் எழுதி வைத்திருந்தேன். என் கணக்கில் பத்து நிமிடம் முன்னால் போன நான், உண்மையில் ஐம்பது நிமிடம் தாமதம்.

அன்றிலிருந்து எந்த விற்பனை நேரத்தையும் நான் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றித்தான் எழுதி வைக்கிறேன். பசிபிக் பத்து மணி என்றால் குளிர்காலத்தில் யூடிசி 18:00, கோடைக்காலக் கணக்கில் 17:00. ஐரோப்பிய விழாக்கள் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே கடிகாரம் மாறுவது மார்ச்சின் கடைசி ஞாயிறு. அமெரிக்கா மாறி, ஐரோப்பா இன்னும் மாறாமல் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில் நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் எந்த வித்தியாசமும் உதவாது. தேதியோடு சேர்த்துப் போட்டு மாற்றிக் காட்டும் கருவிகள் இணையத்தில் நிறையவே இருக்கின்றன. தேதி கேட்காத கருவியை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்த விழா என்று பெயர் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். வீடியோ கேம் ரசிகர்கள் வருடா வருடம் கூடும் பெரிய கன்வென்ஷன்களில் ஒன்று என்பது போதும். போகப் போவது நாங்கள் நான்கு பேர்: நான், என் தம்பி, கூட வேலை பார்க்கும் தோழி, அவள் கணவர். விசா எல்லோரிடமும் ஏற்கெனவே இருந்தது. இல்லாதவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பேட்ஜ் இருப்பதாலேயே விசா கிடைத்துவிடாது.

முதல் சுற்றில் கோட்டை விட்டாலும் இரண்டாவது சுற்று இருந்தது. மொத்த டிக்கெட்டையும் ஒரே நாளில் விற்காமல் இரண்டு தவணையாக விடுவது இந்த உலகத்தில் வழக்கம்தான். ப்ளிஸார்ட் என்ற கேம் நிறுவனம் நடத்தும் ப்ளிஸ்கான் விழா பல வருடங்கள் இப்படி ஒரு புதன், ஒரு சனி என்று பிரித்து விற்றிருக்கிறது. எங்கள் விழாவிலும் மூன்று நாள் கழித்து அடுத்த தவணை. இந்த முறை விட மாட்டேன் என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே உட்கார்ந்தேன். ஒரே ப்ரவுசரில் ஆறு டேப். ஆறு வரிசையில் நிற்கிறோம், ஏதாவது ஒன்று நகராதா என்ற நினைப்பு.

நேரம் வந்ததும் ஆறு டேபிலும் ஒரே பக்கம். ஒரு பச்சைக் கோடு, அதன் மேல் நடந்துபோகும் குட்டி மனிதன், கீழே எனக்கு முன்னால் எத்தனை பேர் என்ற எண். ஆறிலும் அதே எண். ஒன்றில் குறைந்தால் ஆறிலும் குறைந்தது. ஆறு குட்டி மனிதர்களும் அணிவகுப்பில் போவது போல ஒன்றாகவே அடியெடுத்து வைத்தார்கள். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ப்ரவுசரில் குக்கீ என்ற சின்ன அடையாளக் கோப்பைப் போட்டுத்தான் நம்மை அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே ப்ரவுசரில் நூறு டேப் திறந்தாலும் நாம் ஒரே ஆள்தான். வேறு ப்ரவுசர், வேறு கருவி என்றால்தான் வேறு இடம் கிடைக்கும். அதுவும் எல்லா விழாவிலும் செல்லாது. சான் டியாகோ காமிக்கான் என்ற காமிக்ஸ் விழா போல முன்கூட்டியே உறுப்பினர் எண் வாங்கி வைத்திருந்தால்தான் வரிசைக்கே வர முடியும் என்கிற இடங்களும் உண்டு. அங்கே ப்ரவுசரைப் பெருக்கிப் பயனில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்ததற்கும் ஐந்து நிமிடம் முன்னால் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதற்கும் வித்தியாசமே இல்லை. இந்தக் காத்திருப்பு அறைகள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கின்றன: விற்பனை தொடங்குவதற்கு முன் வந்தவர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுக் குலுக்கி, மணி அடித்ததும் ஆளுக்கு ஓர் எண் தருவார்கள். அதன் பிறகு வருபவர்கள் மட்டும்தான் வந்த வரிசைப்படி வாலில் சேருவார்கள். அதனால் மணி அடிக்கும்போது உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதிகாலையில் போய்த் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை இங்கே எடுபடாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. இணையம் வேகமாக இருப்பவன் ஜெயிப்பதைவிட, விரல் வேகமாக ஓடுபவன் ஜெயிப்பதைவிட, குலுக்கல் எவ்வளவோ நியாயம் என்று நினைக்கிறேன். என் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான். “அப்போ நான் எதுக்குக்கா ஃபைபர் போட்டேன்?” என்பான்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நாற்பது நிமிடத்தில் எண் குறைந்து, குட்டி மனிதன் கோட்டின் முனைக்கு வந்துவிட்டான். கடைப் பக்கம் திறந்தது. கை நடுங்கியது, பொய்யில்லை. மேல் மூலையில் பத்து நிமிடத்திலிருந்து இறங்கும் கடிகாரம்.

மூன்று நாள் பேட்ஜ் இல்லை. வெள்ளி, ஞாயிறு இருக்கிறது, சனி கொஞ்சம் இருக்கிறது. எத்தனை பேருக்கு எந்த நாள்? இதை நாங்கள் பேசியே இருக்கவில்லை. மூன்று நாளும் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நடுவில் இப்படி ஒன்று வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தோழி எடுத்தாள், “அவர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன் இரு” என்றாள். கேட்டுவிட்டு வருவதற்குள் மூன்று நிமிடம் போயிருந்தது.

வெள்ளியும் ஞாயிறும் நான்கு பேருக்கும் என்று போட்டேன். அடுத்த பக்கம் ஒவ்வொரு பேட்ஜுக்கும் பெயர் கேட்டது. அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்க வேண்டும், உள்ளே விடும்போது சரிபார்ப்போம் என்று சிவப்பில் எழுதியிருந்தது. தோழியின் கணவர் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு எச் உண்டா, இரண்டு எச் உண்டா? திரும்பப் போன். ஐந்து நிமிடம் பாக்கி. நான்கு பேருக்கும் மின்னஞ்சல் முகவரி வேண்டும். தம்பியின் முகவரி அவன் பதினான்கு வயதில் ஏதோ கேமுக்காக உருவாக்கியது, நடுவில் எண்களும் அடிக்கோடுகளுமாக இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் தேடி எடுத்து ஒட்டினேன்.

பணம் கட்டும் பக்கம். கார்டு எண்ணைப் போட்டு அழுத்தினேன். நிராகரிக்கப்பட்டது. இன்னொரு முறை. நிராகரிக்கப்பட்டது. அப்போதுதான் பளிச்சென்று நினைவு வந்தது, என் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நானே அணைத்து வைத்திருக்கிறேன். பாதுகாப்புக்காக. வங்கிச் செயலியைத் திறந்தேன். புதிய பதிப்புக்கு மாறினால்தான் உள்ளே விடுவேன் என்றது. அது இறங்கிக்கொண்டிருந்தபோது லேப்டாப் திரையில் கடைசி இருபது விநாடிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். செயலி திறந்தது, பொத்தானை மாற்றினேன், திரும்பிப் பார்த்தால் நேரம் முடிந்து வாங்கும் கூடை காலி. மறுபடியும் வரிசையின் வாலில் நின்றேன். அந்தச் சுற்றும் தீர்ந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் பார்த்தேன். எனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லவே முடியாது. குலுக்கலில் நல்ல எண்தான் வந்தது. கதவு திறந்தது. பத்து நிமிடம் கையில் கொடுத்தார்கள். உள்ளே போன பிறகுதான் தோற்றேன், அதுவும் முழுக்க என் கையில் இருந்த காரியங்களில். வரிசையைப் பற்றி நிறையப் பேசுகிறோம், எந்த ப்ரவுசர், எத்தனை கருவி, ரெஃப்ரெஷ் பண்ணலாமா கூடாதா என்று. எனக்கென்னவோ, கிடைக்காமல் போகிற பலரும் கார்டை கையில் வைத்துக்கொண்டு தோற்றவர்கள்தான் என்று தோன்றுகிறது.

ஏன் இவ்வளவு நெருக்கடி என்று வீட்டில் கேட்டார்கள், ஒரு விளையாட்டு விழாவுக்கா என்று. நியாயமான கேள்வி. ஜென் கான் என்ற மேசை விளையாட்டு விழா 1968-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரில் விளையாட்டு வடிவமைப்பாளர் கேரி கைகாக்ஸ் தொடங்கியது. அன்று ஒரு மண்டபத்தில் ஏறக்குறைய நூறு பேர். 2023-இல் இண்டியானாபொலிஸில் அதே விழாவுக்கு வந்தவர்கள் 70,000-க்கும் மேல். பாக்ஸ் என்ற கேம் விழா 2004-இல் சியாட்டிலை ஒட்டிய பெல்வ்யூவில் சுமார் 3,000 பேரோடு ஆரம்பித்தது, பிறகு பாஸ்டன், மெல்போர்ன், ஃபிலடெல்ஃபியா என்று கிளை விட்டது. கூட்டம் இப்படி வளர்ந்தாலும் அரங்கம் வளராது. தீயணைப்பு விதிப்படி ஒரு கட்டடத்துக்குள் இத்தனை பேர்தான் என்று வரம்பு இருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் கேம்ஸ்காம் என்ற வீடியோ கேம் விழா 2024-இல் 3,35,000 பேரைப் பார்த்தது. அவ்வளவு பெரிய வளாகத்திலும் சனிக்கிழமை டிக்கெட் மற்ற நாட்களுக்கு முன்பே தீர்ந்துவிடுவது வழக்கம். எல்லோருக்கும் லீவு கிடைக்கிற நாள் அதுதானே.

ஆக, அடுத்த வருடம் நாங்கள் ஒரு தாளோடு தொடங்கினோம். விற்பனைக்கு இரண்டு வாரம் முன்னால், நான்கு பேரும் உட்கார்ந்து.

தாளின் முதல் பாதி சுலபம். நான்கு பேரின் பெயர், பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துகளோடு. மின்னஞ்சல், பிறந்த தேதி, தொலைபேசி எண் நாட்டுக் குறியீட்டோடு. பில் முகவரி, வங்கியில் பதிந்திருக்கும் அதே வடிவத்தில். இதை எல்லோரும் ஆளுக்கொரு நகல் தங்கள் கணினியில் வைத்துக்கொண்டோம், யாருக்குக் கதவு திறந்தாலும் ஒட்டிக்கொண்டே போகலாம் என்று. விழாவின் இணையதளத்தில் நான்கு பேரும் முன்கூட்டியே கணக்குத் தொடங்கி, கடவுச்சொல் சரியாக வேலை செய்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். விற்பனை நாளன்று கடவுச்சொல் மறந்து, மாற்றுவதற்கான மின்னஞ்சலுக்குக் காத்திருக்கும் கொடுமை யாருக்கும் வேண்டாம். அன்றைக்கு அந்த மின்னஞ்சல் சாவகாசமாகத்தான் வரும்.

இரண்டாவது பாதிதான் சண்டை. மூன்று நாளும் நான்கு பேருக்கும் கிடைத்தால் பிரச்சினை இல்லை. சனிக்கிழமை மட்டும் இரண்டே இரண்டு கிடைத்தால்? யார் அந்த இரண்டு பேர்? தோழியும் கணவரும் ஒருவரை விட்டு ஒருவர் போக மாட்டார்கள். நான்தான் எல்லா வேலையும் செய்கிறேன் என்பது என் வாதம், வெளியில் சொல்லவில்லை. தம்பிக்கு அந்த நாள் நடக்கும் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அரை மணி நேரம் எல்லோரும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துப் பேசினோம், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கடைசியில் தம்பிதான், “சீட்டு குலுக்கிப் போடுக்கா, முடிச்சிடலாம்” என்றான். தம்பதி ஒரு சீட்டு, நான் ஒரு சீட்டு, அவன் ஒரு சீட்டு. வந்த வரிசையை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதலில் தம்பதி, அடுத்தது நான், கடைசியில் தம்பி.

இது குழந்தைத்தனமாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சனி நான்கு இல்லாவிட்டால் மூன்று, மூன்று இல்லாவிட்டால் இரண்டு, சனியே இல்லாவிட்டால் வெள்ளியும் ஞாயிறும், அதுவும் இல்லாமல் வெள்ளி மட்டும் என்றால் போகவே வேண்டாம். இப்படிக் கடைசிப் படி வரைக்கும் எழுதியிருந்தோம். போகவே வேண்டாம் என்ற வரி முக்கியம். கடிகாரம் ஓடும்போது மனசு எதை வேண்டுமானாலும் வாங்கச் சொல்லும். விமானம், அறை எல்லாம் கணக்குப் போட்டால் ஒரு நாளுக்காகப் போவது எங்களுக்குக் கட்டாது என்று அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்திருந்தோம்.

அடுத்து கார்டு. ஒரு வாரம் முன்னால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு, டாலரில் விற்கும் ஒரு தளத்தில் மலிவான கேம் ஒன்றை அதே கார்டில் வாங்கிப் பார்த்தேன். போயிற்று. நல்லதாயிற்று என்று விட்டுவிடப் பார்த்தேன், தோழியின் கணவர் விடவில்லை. சின்னத் தொகை போவது வேறு, நான்கு பேட்ஜ் தொகை போவது வேறு என்றார். பார்த்தால் கார்டின் மொத்த வரம்பு ஒன்று, இணையத்தில் ஒரு நாளைக்குச் செலவழிக்கக்கூடிய வரம்பு இன்னொன்று, அது மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. அதை ஏற்றினேன். வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது வங்கி மேலே போடும் கட்டணத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டும். திடீரென்று பெரிய தொகை வெளிநாட்டுக்குப் போனால் சந்தேகப்பட்டுத் தடுக்கும் ஏற்பாடும் வங்கிகளிடம் உண்டு, அதற்காக வேறு வங்கியின் இரண்டாவது கார்டு ஒன்றையும் தயாராக வைத்தோம்.

அறையை டிக்கெட்டுக்கு முன்பே போட்டுவிட்டோம், ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் வகையில். பலர் டிக்கெட் கிடைத்த பிறகு அறை தேடுகிறார்கள், அதற்குள் அரங்கத்தைச் சுற்றி ஒன்றும் இருக்காது. சில இடங்களில் பேட்ஜைவிட அறைதான் பெரிய போராட்டம். இண்டியானாபொலிஸில் கன்வென்ஷன் சென்டரோடு மூடிய நடைபாலங்களால் இணைந்த ஹோட்டல்கள் இருக்கின்றன. அவற்றில் அறை கிடைக்க ஜென் கான் ரசிகர்கள் படும் பாடு தனிக் கதை. அங்கே பேட்ஜ் வாங்கியவர்களுக்கு அறை பதிவு செய்யும் நேரத்தையே குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். உள்ளே நடக்கும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வேறு டிக்கெட், அதற்கும் ஒரு நாள், அதற்கும் ஒரு வரிசை.

விற்பனை நாள். நான்கு பேரின் கருவிகளும் தயார், நான்கு பேரும் குழு அழைப்பில். என் போன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில், வீட்டு இணையம் போனால் ஒன்றாவது நிற்கட்டும் என்று. எங்களுக்குள் ஒரு சட்டம் மட்டும் வைத்தோம்: யாருக்குக் கதவு திறந்தாலும் உரக்கச் சொல்ல வேண்டும், பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் முன் “கட்டுறேன்” என்று சொல்லி, இன்னொருவர் “கட்டு” என்று சொன்ன பிறகே அழுத்த வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. இந்த பேட்ஜுகள் பெரும்பாலும் திருப்பித் தரப்படாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் உற்சாகத்தில் வாங்கி, எட்டு பேட்ஜோடு நிற்கிற குழுக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மணி அடித்தது. எனக்கு முன்னால் பதினோராயிரத்துச் சொச்சம் பேர். தோழிக்கு அதைவிட மோசம், அவள் கணவருக்கு எண்ணே காட்டவில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று மட்டும் வந்தது. தம்பியிடமிருந்து சத்தமே இல்லை.

“டேய், இருக்கியா?”

“இருக்கேன்க்கா. பேசாதீங்க.”

“என்ன ஆச்சு?”

“கதவு திறந்துடுச்சு.”

பதினாறு நிமிடத்தில்! போன வருடம் போன் எடுக்காத அதே தம்பி. மூன்று நாள் பேட்ஜ் முடிந்திருந்தது, தனித்தனி நாட்கள் இருந்தன. தாளைப் பார்த்தான், வெள்ளி நான்கு, ஞாயிறு நான்கு, சனி நான்கு என்று போட்டான். சனி நான்கு இல்லை என்றது. மூன்று என்று போட்டான், இல்லை. இரண்டு, வந்துவிட்டது. ஒரு விநாடி யாரும் பேசவில்லை. சீட்டில் முதலில் வந்தது தம்பதி. அவன் அவர்கள் இருவர் பெயரையும் ஒட்டினான். எனக்கு அப்போது அவன் மேல் வந்த மரியாதையை அவனிடம் இதுவரை சொல்லவில்லை.

“கட்டுறேன்.”

“கட்டு.”

கார்டு என்னுடையது, ஓடிபி என் போனுக்கு வந்தது. போனில்தான் குழு அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே இருந்து ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்து, படிப்பதற்குள் மறைந்தது. இழுத்துத் திறந்து, ஆறு எண்களையும் அழைப்பிலேயே வாசித்தேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று குடும்பத்துக்கே பாடம் எடுக்கிறவள் நான், மூன்று பேர் கேட்கும்படி வாசித்தேன். கூடப் பிறந்தவன் என்பதால் தப்பித்தேன், ஆனாலும் அது மோசமான ஏற்பாடு. அவரவர் கார்டு அவரவர் போனோடு இருந்திருக்க வேண்டும், பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். குழு அழைப்பை லேப்டாப்பில் போட்டிருந்தாலே பாதித் தலைவலி குறைந்திருக்கும்.

அவன் திரை சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு வெள்ளையாகிவிட்டது. நன்றி என்றும் வரவில்லை, தோல்வி என்றும் வரவில்லை. “திரும்ப அழுத்தட்டுமா?” என்றான். மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். என் போனில் வங்கியின் குறுஞ்செய்தி வந்திருந்தது, பணம் போய்விட்டது. உறுதி மின்னஞ்சல் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது, அதுவும் விளம்பர மின்னஞ்சல்களோடு போய் ஒளிந்துகொண்டிருந்தது. இந்த இடைவெளியில் பதறிப்போய் இரண்டாவது முறை கட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. வெள்ளைத் திரையைப் பார்த்தால் முதலில் வங்கியைப் பாருங்கள், அடுத்து கணக்கில் ஆர்டர் பட்டியலைப் பாருங்கள், ப்ரவுசரைத் தொடாதீர்கள்.

தோழியும் கணவரும் நன்றி சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். தம்பியும் போனான். நான் போகவில்லை. பக்கத்தில் சனி விற்றுத் தீர்ந்தது என்று வந்த பிறகும் என் குட்டி மனிதன் நடந்துகொண்டே இருந்தான், அவனைப் பாதியில் விட்டுவிட்டுப் போக மனமில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். உண்மையில் காரணம் போன வருடத்து என் வாங்கும் கூடைதான். அன்று காலாவதியான என் எட்டு பேட்ஜுகள் எங்கே போயின? குப்பைக்கா போகும்? திரும்பக் கடைக்குத்தான் போயிருக்கும், வேறு யாரோ வாங்கியிருப்பார்கள். அப்படியானால் இன்றும் எங்கோ என்னைப் போல் ஒருத்தி செயலியைப் புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விற்றுத் தீர்ந்தது என்ற முதல் அறிவிப்பு பல நேரம் எல்லாம் யாரோ ஒருவர் வாங்கும் கூடையில் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அதற்குப் பிறகான அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டாகத் திரும்பி வரும்.

எனக்குக் கதவு திறந்தபோது சனி இல்லை. அந்தப் பக்கத்திலேயே இருந்து, நாள் பட்டியலை மட்டும் நிமிடத்துக்கு ஒரு முறை மெதுவாகத் திறந்து பார்த்தேன். மூன்றாவது நிமிடம் சனி 1 என்று வந்தது. அழுத்தினேன், போய்விட்டது. ஆறாவது நிமிடம் மறுபடியும் 1. இந்த முறை என் பெயர் ஏற்கெனவே நகலில் இருந்தது, ஒட்டினேன், இரண்டாவது கார்டைக் கொடுத்தேன், நாற்பது விநாடியில் முடிந்தது. தம்பிக்கும் ஒன்று வருமா என்று பக்கத்தின் கடிகாரம் தீரும்வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

மறுநாளே அவன் கள்ள விலைக்கு விற்பவர்களைத் தேட ஆரம்பித்தான். நான் தடுத்தேன். அமெரிக்காவில் 2016-இல் கொண்டுவந்த சட்டம், நிரல் எழுதி டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளுவதைத் தடை செய்கிறது. ஆனால் தனி ஆட்கள் மறுவிற்பனை என்ற பெயரில் ஏமாற்றுவதற்கு நிரல் எதுவும் தேவையில்லை, ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும். ஒரே க்யூஆர் படத்தைப் பத்து பேருக்கு விற்கலாம், முதலில் ஸ்கேன் ஆகிறவர் உள்ளே போவார், மீதி ஒன்பது பேர் வாசலில் நிற்பார்கள். பேட்ஜில் பெயர் அச்சடிக்கும் விழாவில் இன்னொருவர் பேட்ஜை வாங்கி என்ன செய்வது? விழாவே நடத்தும் பெயர் மாற்றும் வசதி இருந்தால் அது ஒன்றுதான் வழி. எங்கள் விழாவில் இருந்தது, குறிப்பிட்ட தேதி வரைக்கும். தம்பி தினமும் பார்த்தான். சனி ஒன்றுகூட வரவில்லை.

பேட்ஜைத் தபாலில் அனுப்புவது உள்நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான், நாங்கள் அங்கே போய்த்தான் வாங்கிக்கொண்டோம். அதற்கும் ஒரு வரிசை, ஒன்றரை மணி நேரம். கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டையும் பேட்ஜையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார். தோழியின் கணவருக்கு இரண்டு எச்.

சனிக்கிழமை நாங்கள் மூவரும் உள்ளே போனோம், தம்பி அறையில் தங்கினான். முக்கிய அரங்கில் இடம் பிடிக்கக் காலை ஏழு மணியிலிருந்து நின்றோம். பத்தரை மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது என்று கயிற்றைக் கட்டிவிட்டார்கள், எங்களுக்கு முன்னால் இன்னும் இருநூறு பேர் இருக்கும். நடைபாதையில் தரையில் உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது. தம்பி கட்டிலில் படுத்தபடி நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, இப்ப என்ன அறிவிச்சாங்க பாத்தியா?” என்று கேட்டு, நான் பதில் எழுதுவதற்குள் மேடையின் படத்தை அனுப்பிவிட்டான்.